முதுகைச் சொடுக்கினால் போதுமா?

கைரோப்ராக்டிக் காணொளிகள் இன்று எல்லோருடைய கைபேசியிலும் ஓடுகின்றன. முதுகில் ஓர் அழுத்தம், மடக்கென்று ஒரு சத்தம், நோயாளியின் முகத்தில் நிம்மதி. விலகிய எலும்பு இடத்தில் போய் அமர்ந்த சத்தம் அது என்று நம்புகிறோம். விரலில் சொடக்கு எடுக்கும்போது கேட்கும் அதே சத்தம்தான்; மூட்டுத் திரவத்தில் உண்டாகும் வாயுக்குமிழியிலிருந்து வருவது.

1895இல் அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில் டி.டி. பாமர் இம்முறையைத் தொடங்கினார். முதுகெலும்பைச் சரிசெய்து செவிடர் ஒருவரைக் கேட்கவைத்ததாகச் சொன்னார். பெரும்பாலான நோய்களுக்கு முள்ளெலும்பின் பிறழ்வே காரணம் என்பது அவர் கொள்கை. பிரிட்டனில் இத்தொழிலை ஒழுங்குபடுத்தும் மன்றமே, அதற்குச் சான்றில்லை என்று 2010இல் அறிவித்துவிட்டது.

மறுதரப்பின் நியாயத்தையும் சொல்லவேண்டும். நாள்பட்ட இடுப்புவலிக்கு உதவக்கூடிய வழிகளுள் ஒன்றாக முதுகெலும்பைக் கையால் இயக்கும் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு வழிகாட்டுதல் ஏற்கிறது. உடற்பயிற்சியும் அதே பட்டியலில் உண்டு. ஆகவே என் சண்டை அந்தச் சிறு உதவியோடு அல்ல. 'முழு நலவாழ்வு' என்று அதைப் பெரிதாக்கி விற்பதோடுதான்.

இந்த வார்த்தையை ஆம்பூருக்குக் கொண்டுவந்து பாருங்கள். ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் பெண் நாள் முழுவதும் இயந்திரத்தின் மீது குனிந்திருக்கிறாள். தோல் பதனிடும் கூடத்தில் ஈரத்தோலின் பாரத்தை ஒருவர் தூக்கிப் போடுகிறார். இவர்களுடைய வலி முக்காலியின் உயரத்திலும், அன்றைய இலக்கின் எண்ணிக்கையிலும், கிடைக்காத ஓய்விலும் இருக்கிறது. அரைமணி நேரச் சொடுக்கு எட்டுமணி நேரக் குனிவை எப்படி ஈடுசெய்யும்? 'உன் முதுகு கோணல்' என்று அவளிடம் சொல்வது, முக்காலியைக் கேள்வியிலிருந்து தப்பவைக்கும் வேலை.

சட்டமும் அப்படியே தப்பவிட்டது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், அறிவிக்கப்படவேண்டிய தொழில்நோய்களின் பட்டியலில் தோல் தொழிலுக்கு நெருக்கமான குரோமியப் புண்ணையும் ஆந்த்ராக்ஸையும் சேர்த்தது, இடுப்புவலியைச் சேர்க்கவில்லை. புண் கண்ணுக்குத் தெரியும், முதுகுவலி தெரியாது என்பதாலா?

இதே தோல் வட்டாரத்தின் வேலூரில் வேறொரு முன்மாதிரி இருக்கிறது. 1954இல் விபத்தில் தண்டுவடம் சிதைந்து கால்கள் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பின்னர் சி.எம்.சி. மருத்துவமனையின் மறுவாழ்வு மருத்துவத் துறையை வளர்த்தெடுத்தார். 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. உடலைப் பயிற்றுவதோடு, உடல் புழங்கும் இடத்தையும் அதற்கேற்ப மாற்று என்பதே அந்த மருத்துவத்தின் அடிப்படை.

ஆம்பூருக்குத் தேவை அதுவே. உயரத்தை மாற்றத்தக்க, சாய்மானமுள்ள இருக்கை; மணிக்கொருமுறை எழுந்து நிற்க அனுமதி; இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் இயன்முறை மருத்துவர். தொழில்நோய்ப் பட்டியலில் இடுப்புவலிக்கு ஓர் இடம். இவற்றைக் கேட்காமல் நலவாழ்வு பேசுகிறவரிடம், தையல்காரப் பெண் உட்கார்ந்திருக்கும் முக்காலியைப் பார்த்ததுண்டா என்று முதலில் கேளுங்கள்.