அப்பாவுக்கு இன்னைக்கு என்ன ஷிப்ட்?



எனக்கு ஒரு தம்பி இருக்கிறான் என்பது ஹாஸ்டலில் என் ரூமில் எல்லாருக்கும் தெரியும். அவனுக்கு ஆட்டிசம் இருக்கு என்பது மூணு வருஷமா யாருக்கும் தெரியாது. "தம்பி என்ன படிக்கிறான்?" என்று யாராவது கேட்டால் "எட்டாவது" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன். வயசுக்கு அது சரியான பதில்தான். ஆனா அவன் போறது சிறப்புப் பள்ளிக்கு.

போன செமஸ்டரில் நம்ம கிளாஸ் குரூப்பில் ஒருத்தன் இன்னொருத்தனை "என்னடா, ஆட்டிசமா உனக்கு?" என்று கலாய்த்தான். வரிசையா சிரிப்பு எமோஜி விழுந்தது. அதில் ஒண்ணு நான் போட்டது. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. அதனாலதான் இதை எழுதுறேன். இங்கிலீஷ் மீடியத்தில் படிச்ச ஆள், பிழை இருந்தா பொறுத்துக்கோங்க.

சொல்ல வர்றது ஒரே விஷயம்தான். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குக் கொடுக்கிற நடத்தைப் பயிற்சி, அதாவது பிஹேவியர் தெரபி, அந்தப் பிள்ளையை நம்மைப் போல மாற்றுவதற்கான வேலை இல்லை. அவன் சொல்ல வர்றதை நாம புரிஞ்சுக்கணும். அதையே அவன் தன்னைக் காயப்படுத்திக்காம சொல்லக் கத்துக்கணும். அவ்வளவுதான். ஆக, பாதிப் பயிற்சி நமக்கு.

நான் நெய்வேலி. டவுன்ஷிப்பைப் பார்த்தவங்களுக்குத் தெரியும்: வட்டம் வட்டமா குவார்ட்டர்ஸ், ரோடு ஓரமெல்லாம் மரம், ஒரே மாதிரி வீடுகள். எங்க எல்லார் வீட்டையும் ஆட்டி வைக்கிற விஷயம் ஒண்ணு இருக்கு, அதுதான் ஷிப்ட். சுரங்கமும் அனல் மின் நிலையமும் 24 மணி நேரமும் ஓடணும். அதனால எங்க அப்பா மாதிரி ஆட்கள் காலை, மதியம், நைட் என்று மாறி மாறி வேலைக்குப் போவாங்க. வீட்டில் சமையல், தூக்கம், டி.வி. சத்தம் எல்லாம் அப்பா ஷிப்டைப் பொறுத்துதான் நடக்கும்.

தம்பிக்கு எட்டு வயசு இருக்கும்போது சாயங்காலத்தில் திடீர்னு கத்த ஆரம்பிப்பான். கையைக் கடிச்சுக்குவான். அந்தத் தழும்பு இன்னும் இருக்கு. ஒரு வாரம் முழுக்கக் கத்துவான், அப்புறம் ரெண்டு வாரம் ஒண்ணுமே இருக்காது. பக்கத்து வீட்டில் "கண்ணு பட்டிருக்கும், சுத்திப் போடுங்க" என்றார்கள். சொந்தக்காரர் ஒருத்தர் "நாலு வச்சா சரியாயிடும்" என்றார். நாங்க அதைவிடச் சுலபமான வழியைப் பிடிச்சோம்: மொபைலைக் கையில் கொடுத்தோம். உடனே அமைதியாயிடுவான்.

அப்போ புதுச்சேரியில் ஒரு தெரபிஸ்ட் அக்காவைப் பார்க்க ஆரம்பிச்சிருந்தோம். அவங்க முதல்ல தம்பிக்கு எதுவுமே சொல்லித் தரல. அம்மாவை ஒரு நோட்டு வாங்கி ஒவ்வொரு பக்கத்திலும் மூணு கட்டம் போடச் சொன்னாங்க. கத்துறதுக்கு முன்னாடி என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அப்புறம் நாம என்ன செய்தோம். இந்த மூணை மட்டும் எழுதணும். "பிடிவாதம்", "கோபம்" மாதிரி வார்த்தையெல்லாம் எழுதக் கூடாது, கண்ணால் பார்த்ததை மட்டும்தான் எழுதணும்.

நம்ம பாஷையில் சொன்னா இது லாக் எடுக்கிற வேலை. மெஷின் நின்னா, மெஷினைத் திட்டுவோமா? கடைசியா என்ன இன்புட் போச்சுன்னு பார்ப்போம். நடத்தைப் பகுப்பாய்வும் அப்படித்தான். ஒரு பிள்ளை திரும்பத் திரும்ப ஒரு செயலைச் செய்தால், பெரும்பாலும் அதற்கு நாலு காரணத்தில் ஒண்ணு இருக்கும்: ஏதாவது ஒரு பொருள் வேணும், யாராவது கவனிக்கணும், பிடிக்காததிலிருந்து தப்பிக்கணும், இல்லேன்னா அந்தச் செயலே உடம்புக்கு இதமா இருக்கணும். காரணம் தெரியாம அடிச்சாலும் பிரயோஜனமில்லை, கொஞ்சினாலும் பிரயோஜனமில்லை.

ஒன்றரை மாசம் எழுதின பிறகு அம்மாதான் கண்டுபிடிச்சாங்க. அவன் கத்தினது எல்லாம் அப்பா மதிய ஷிப்ட் போற நாட்களில். காலை ஷிப்டுன்னா, தம்பி ஸ்கூல் வேனில் வந்து இறங்கும்போது அப்பா திரும்பி வந்திருப்பார். நைட் ஷிப்டுன்னா, அப்போ வீட்டில்தான் இருப்பார். மதிய ஷிப்டில் மட்டும் வாசலில் அப்பாவோட வண்டி இருக்காது. தம்பிக்கு "அப்பா எங்கே?" என்று கேட்க வார்த்தை வராது. அந்தக் கேள்விதான் கத்தலா வந்திருக்கு. நாங்க பதில் சொல்லாம யூட்யூப் போட்டுக் கொடுத்திருக்கோம். கத்தினா மொபைல் வரும் என்று நாங்களே பழக்கிவிட்டோம்.

அக்கா ரெண்டு வேலை சொன்னாங்க. முதலாவது, ஃப்ரிட்ஜ் கதவில் ஏழு நாளுக்கு ஏழு கட்டம். அப்பாவோட ஹெல்மெட் படம் இருந்தா, நீ வரும்போது அப்பா வேலையில் இருப்பார். எங்க வீட்டுக் கதவு படம் இருந்தா, அப்பா வீட்டில் இருப்பார். ரெண்டாவது, அப்பா போட்டோ ஒட்டின ஒரு சின்ன அட்டை. அப்பா எங்கேன்னு கேட்கணும்னா அதை எடுத்து அம்மா கையில் கொடுக்கணும். அடுப்பில் பால் பொங்கினாலும் அம்மா உடனே பதில் சொல்லணும். படம் கொடுத்துப் பேசும் இந்த முறையை 1985-ல் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் ஆண்டி பாண்டி, லோரி ஃப்ராஸ்ட் என்ற இருவர் உருவாக்கினாங்க. எங்க வீட்டில் நடந்தது அதோட ரொம்ப எளிய வடிவம்.

மொபைலை நிறுத்தின முதல் வாரம் ரொம்ப மோசம். முன்னைவிட அதிகமா கத்தினான். கடிக்கும்போது கைக்கு நடுவில் துணியை வச்சுத் தடுத்துக்கிட்டே அம்மாவும் அழுதாங்க. இப்படி ஆகும்னு அக்கா முன்னாடியே சொல்லியிருந்தாங்க. லிஃப்ட் பட்டன் வேலை செய்யலன்னா நாம என்ன பண்ணுவோம்? இன்னும் நாலு தடவை அழுத்துவோம். அவனும் அதைத்தான் செய்தான். மூணாவது மாசம் ஒரு நாள் வேனில் இருந்து இறங்கினவன், வாசலைப் பார்த்துட்டு, நேரா சமையலறைக்குப் போய் அம்மா கையில் அப்பா போட்டோவை வச்சான். அம்மா ஹெல்மெட் படத்தைக் காட்டினாங்க. கொஞ்ச நேரம் அதையே பார்த்துட்டு ஷூவைக் கழற்றப் போயிட்டான்.

இதைக் கேட்டு "தெரபி சூப்பர்" என்று முடிச்சிடாதீங்க. இந்தத் துறைக்கு ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு. 1987-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஐவர் லோவாஸ் ஒரு ஆய்வை வெளியிட்டார். 19 சின்னப் பிள்ளைகளுக்கு, பயிற்சி பெற்ற மாணவர்களை வைத்து, வாரம் 40 மணி நேரம், ரெண்டு வருஷத்துக்கு மேல் பயிற்சி. அதில் 9 பேர் சாதாரண வகுப்பில் படிக்கும் நிலைக்கு வந்ததாகச் சொன்னார். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனா அவர் முறையில் சத்தமா "நோ" சொல்றதும், அடிக்கிறதும் இருந்தன. பிள்ளைகள் குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரிக்கப்படல என்ற விமர்சனமும் வந்தது. இன்றைக்கு வளர்ந்து பெரியவங்களான ஆட்டிசம் உள்ள பலர், கண்ணைப் பார்க்கச் சொல்லி, கையை ஆட்டாதே என்று சொல்லி, தங்களைக் கஷ்டப்படுத்தினதைப் பற்றி வெளிப்படையா பேசுறாங்க. அவங்க சொல்றதைக் கேட்காம தெரபியைப் பற்றிப் பேசக் கூடாது என்பது என் கருத்து.

என் தம்பி சந்தோஷமா இருந்தா கையை உதறுவான். அதை நிறுத்துறதால அவனுக்கு ஒரு லாபமும் இல்லை. கல்யாண மண்டபத்தில் எங்களுக்கு வெட்கமா இருக்காது, அவ்வளவுதான். கையைக் கடிக்கிறதை நிறுத்தினா அது அவனுக்கு லாபம். இந்த வித்தியாசம் புரிஞ்சா தெரபியில் எது நல்லது, எது கெட்டது என்று பாதி புரிஞ்ச மாதிரி.

உங்க அக்கா பிள்ளைக்கோ, பக்கத்து வீட்டுக் குழந்தைக்கோ தெரபி தேடினா இதையெல்லாம் கேட்கச் சொல்லுங்க. உள்ளே உட்கார்ந்து பார்க்க விடுவாங்களா? அடுத்த மூணு மாசத்தில் எதைக் கற்றுக்கொடுக்கப் போறாங்க, அது யாருக்காக? வீட்டில் நாங்க என்ன செய்யணும்? சிறப்பு ஆசிரியருக்கு இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவு எண் இருக்கா? "பூரணமா குணமாக்கிடுவோம்" என்று யாராவது சொன்னா எழுந்து வந்துடுங்க. ஆட்டிசம் நோய் இல்லை, மூளை வளர்ந்த விதம். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது என்று 2022-லேயே தேசிய மருத்துவ ஆணையம் சொல்லிடுச்சு. அதுக்கும் லட்சக்கணக்கில் செலவு செய்றவங்க இருக்காங்க. அவங்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரல. பிள்ளை ஒரு வார்த்தை பேசாதான்னு காத்திருக்கிற வீடு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்.

இப்போ ஒரு கணக்கு. தம்பி ஒரு நாளைக்கு 9 மணி நேரம் தூங்கினா, வாரத்தில் 105 மணி நேரம் முழிச்சிருக்கான். புதுச்சேரி போய் வந்து கிடைக்கிற தெரபி வாரம் 2 மணி நேரம். மீதி 103 மணி நேரம்? வீடு, ஸ்கூல், வேன், தெரு, கடை. நெய்வேலியில் ஸ்நேகா என்ற சிறப்புப் பள்ளி இருப்பது எங்க ஊருக்குப் பெரிய ஆறுதல். முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் 2005-ல் இருந்து இருக்கு, ஆனா எங்க ஊரிலிருந்து போக அரை நாள் ஆயிடும். ஷிப்ட் வேலை பார்க்கிற அப்பாவுக்கு அது ஒரு நாள் லீவு.

இதுக்கு ஒரு வழி இருக்குன்னு காட்டின ஆய்வு நம்ம நாட்டிலேயே நடந்திருக்கு. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் சேர்த்து 65 பிள்ளைகள். நிபுணர் இல்லாத சாதாரண ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, அவங்க மூலமா பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்தாங்க. 2016-ல் முடிவுகள் வந்தன. பெற்றோர் பிள்ளையின் போக்கில் போய்ப் பேசுவது கூடியது, பிள்ளைகள் தாங்களாகவே பேச்சைத் தொடங்குவதும் கூடியது. எல்லா அளவிலும் முன்னேற்றம் வரல என்பதையும் அவங்களே எழுதியிருக்காங்க. உலக சுகாதார நிறுவனமும் 2 முதல் 9 வயசுப் பிள்ளைகளின் பெற்றோருக்காக 9 குழு வகுப்பு, 3 வீட்டு வருகை கொண்ட ஒரு பயிற்சியை வச்சிருக்கு. அதாவது, ஊருக்கு ஒரு பெரிய நிபுணர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு வட்டத்திலும் பயிற்சி பெற்ற ஒரு ஆள் இருந்தாலே நிறைய மாறும்.

அதற்கு முதலில் பெற்றோரைக் குற்றவாளியா பார்ப்பதை நிறுத்தணும். ஒரு காலத்தில் மேல்நாட்டு டாக்டர்களே, அம்மா பாசம் காட்டாததால்தான் ஆட்டிசம் வருது என்று எழுதினாங்க. 1964-ல் பெர்னார்ட் ரிம்லண்ட் என்பவர் அது தப்பு என்று புத்தகமே எழுதினார். அவரும் ஆட்டிசம் உள்ள ஒரு பையனோட அப்பா. ஆனா எங்க அம்மா 2020-களிலும் "டி.வி. காட்டி வளர்த்தா இப்படித்தான்" என்பதைக் கேட்டுக்கிட்டுதான் இருக்காங்க.

சரி, நாம என்ன பண்ணலாம்? ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு "ஆட்டிசம் குழந்தைகளுக்கு ஒரு ஆப்" என்று ரெண்டு டீம் போட்டிருக்காங்க. நல்ல மனசுதான். ஆனா அந்த டீமில் ஒருத்தராவது அப்படி ஒரு பிள்ளையோட ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கீங்களா? எங்க வீட்டில் வேலை செய்தது ஒரு அட்டையும் கொஞ்சம் பசையும்தான். முதல்ல ஒரு சிறப்புப் பள்ளிக்குப் போய் அங்கே இருக்கிற ஆசிரியர்கிட்ட "உங்களுக்கு எது கஷ்டம்?" என்று கேளுங்க. அப்புறம் கோட் எழுதுங்க.

ஆப் எல்லாம் வேண்டாம்னாலும் பண்றதுக்கு நிறைய இருக்கு. பஸ்ஸில் ஒரு பிள்ளை கத்தினா முறைக்காதீங்க, வீடியோ எடுக்காதீங்க, "ஏதாவது உதவி வேணுமாக்கா?" என்று மட்டும் கேளுங்க. தெரிஞ்ச வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்தா, மாசம் ஒரு நாள் ரெண்டு மணி நேரம் அவனோட இருங்க. எங்க அம்மா ஒரு கல்யாணத்துக்கு நிம்மதியாப் போயிட்டு வந்து பல வருஷம் ஆச்சு. இன்னொண்ணு, 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் 21 வகைகளில் ஒண்ணா சேர்த்திருக்கு. அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத இடம் மாற்றுத்திறனாளிகளுக்கு. உலக அளவில் 2021-ல் சுமார் 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருந்ததுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. நம்ம காலேஜில் எத்தனை பேர்? யாராவது ஒருத்தர் நம்ம குரூப்பிலேயே அமைதியா இருந்துக்கிட்டு, அந்தச் சிரிப்பு எமோஜிகளை எண்ணியிருக்கலாம்.

போன பொங்கலுக்கு வீட்டுக்குப் போனேன். தம்பிக்கு இப்போ பதிமூணு வயசு. கடிக்கிறது முழுசா நின்னுடுச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன், எப்பவாவது வரும். ஆனா ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஷிப்ட் அட்டைகளை இப்போ அவனே மாத்துறான். ஃப்ரிட்ஜில் புதுசா ஒரு வரிசை இருந்தது. என் போட்டோ, பக்கத்தில் என் ஹாஸ்டல் கட்டில் படம். நான் எப்போ வருவேன்னு அவன் கேட்கிறதுக்காக அம்மா ஒட்டியிருக்காங்க. நான் கிளம்பின அன்னைக்குக் காலையில் அதை எடுத்து என் கையில் வச்சான். வீட்டுக்கு யார் வந்தாலும் அவங்க கண்ணில் படுற மாதிரி என்னை ஃப்ரிட்ஜில் வச்சிருக்கான் அவன். நான்தான் மூணு வருஷம் அவனை மறைச்சு வச்சிருந்தேன்.

அடுத்த தடவை யாராவது கேட்டா சொல்லிடுறேன். என் தம்பிக்கு ஆட்டிசம். பேச்சு வராது, ஆனா கேள்வி நிறைய கேட்பான்.