அனுபவம் என்னும் கூலி

"சம்பளம் இல்லை, ஆனால் அனுபவம் கிடைக்கும்." அமெரிக்கச் சித்திரக்கதைத் துறையின் வாசலில் வந்து நிற்கும் கலைக்கல்லூரி மாணவன் அடிக்கடி கேட்கும் வரவேற்புரை இதுவாகும். இதன் பொருளைச் சற்றே ஆராய்வோம்.

அங்கே சித்திரக்கதை பெரும்பாலும் ஒருவரின் கைவேலையன்று. கதை எழுதுபவர் ஒருவர்; பென்சிலால் வரைபவர் ஒருவர்; அதன்மேல் மை தீட்டுபவர் மற்றொருவர்; நிறமிடுபவர் வேறு, எழுத்துப் பொறிப்பவர் வேறு. இவர்களிற் பெரும்பாலோர் கம்பனியின் ஊழியரல்லர். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி பெறுவோர். 'சுதந்திரக் கலைஞர்' என்பது இவர்களுக்கு இடப்பட்ட பெயர். நோயுற்றால் விடுமுறைச் சம்பளமில்லை, முதுமையில் ஓய்வூதியமில்லை. இதுவே அந்தச் சுதந்திரம்!

இத்தகைய கலைஞரிடம் பயிலுநனாகச் சேரும் மாணவன் செய்வதென்ன? கட்டங்களுக்குக் கோடிடுகிறான்; கறுப்பாக வேண்டிய இடங்களை நிரப்புகிறான்; ஒவ்வோர் உருவத்தையும் கணினியிற் பிரித்து அடிநிறம் இடுகிறான். அச்சான இதழில் அவன் உழைப்பு இருக்கும். அவன் பெயர் பெரும்பாலும் இராது.

"பயிற்சிதானே, இதிற் குற்றமென்ன?" என்று கேட்போர் உளர். கற்பதற்கு நாம் விரோதிகளல்லோம். ஆனால் விற்பனைக்குப் போகும் பக்கத்தில் ஒரு கை உழைக்குமாயின் அக்கைக்குக் கூலி உண்டு என்பதே நமது கட்சி. பயிற்சியால் முதன்மையாக நன்மை பெறுபவன் மாணவனேயாயின் ஊதியம் வேண்டியதில்லை என்று 2015இல் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றமொன்று அளவுகோல் வகுத்தது. 2018இல் தொழில் திணைக்களமும் அதனை ஏற்றது. நன்மையை நிறுக்கும் தராசு யார் கையில் இருக்கிறது?

வேலை வாங்கும் ஓவியரைக் கொடியவர் என்று நாம் கூறவில்லை. கம்பனி தரும் பக்கக் கூலி அவருக்கே போதாதபோது உதவியாளனுக்கு எதைக் கொடுப்பார்? தவணை நாளோ தவறக்கூடாது. ஆகவே மாணவனின் இலவச உழைப்பு, ஓவியரின் கையினூடாகக் கம்பனியின் பெட்டிக்கே போய்ச் சேருகிறது.

இது நேற்று முளைத்த அநீதியன்று. 1938இல் ஜெரி சீகல், ஜோ ஷஸ்டர் என்னும் இரு இளைஞர் 'சூப்பர்மான்' உரிமையை 130 டொலருக்கு விற்றனர். பாத்திரம் கோடிகளை ஈட்டியது. படைத்தவரோ வறுமையில் வாடினர். பகிரங்கக் கண்டனம் எழுந்த பின்னரே, 1975இல், ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 20,000 டொலர் கொடுக்கக் கம்பனி இணங்கியது. அனுபவம் அவர்களுக்கும் நிறையவே கிடைத்தது!

1947ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் சுயாதீன ஒப்பந்தக்காரரைத் தொழிற்சங்கப் பாதுகாப்புக்கு வெளியே நிறுத்தியது. ஆயினும் 2022இல் இமேஜ் கொமிக்ஸ் நிறுவனத்தின் அலுவலக ஊழியர் வாக்களித்துத் தொழிற்சங்கம் அமைத்தனர். சட்டத்தின் நிழலில் நிற்போர் ஒன்றுபட்டனர். வெளியே நிறுத்தப்பட்ட ஓவியருக்கும் மாணவருக்கும் அந்நிழல் எப்போது?

இறுதியாக, ஆசிரியராகிய நம்மை நோக்கியும் ஒரு கேள்வி உண்டு. கூலியற்ற இவ்வுழைப்பைப் பாடத்தின் ஒரு பகுதியாகக் கணக்கிட்டு, அதற்கும் மாணவனிடம் கட்டணம் அறவிடும் கல்லூரிகள் அங்கே உள்ளன. உழைப்பவனே பணமும் கட்டுகிறான்! சான்றிதழைக் காட்டி மாணவனை இலவச உழைப்புக்கு அனுப்பும் கல்விக்கூடம், எந்நாட்டிலிருப்பினும், செய்வது கல்விப்பணியன்று, தரகுத்தொழிலே. அத்தரகுக்கு நாம் துணைபோகலாமா?