குளிர்ந்த அறையும் கொதிக்கும் தெருவும்

சித்திரை வெயிலில் தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் நடந்துவிட்டு, பனகல் பூங்காவின் மரநிழலுக்குள் நுழைந்து பாருங்கள். வித்தியாசத்தை உடம்பே சொல்லிவிடும். "பூமி சூடாகிறது, அதனால்தான் தெருவில் இந்தப் புழுக்கம்" என்பார்கள் பெரியவர்கள். அது பாதி உண்மை. இங்கே இரண்டு சூடுகள் சேர்ந்திருக்கின்றன.

முதலாவது, நகரத்தின் சூடு. 1920-களில் ஒரு நீண்ட ஏரியைத் தூர்த்தே தியாகராய நகர் உருவாயிற்று. நீர் ஆவியாகும்போது சுற்றுப்புறத்தின் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும் என்று படித்திருக்கிறீர்கள் அல்லவா? ஏரி போயிற்று, காங்கிரீட்டும் தாரும் வந்தன. அவை பகலில் வாங்கிய வெப்பத்தை இரவில் வெளிவிடுகின்றன.

இரண்டாவது, பூமியின் சூடு. வெயிலில் காய்ந்த தரை அகச்சிவப்புக் கதிர்களை வெளியிடுகிறது. அவற்றைக் கரியமில வாயு உறிஞ்சி, ஒரு பகுதியைத் தரைக்கே திருப்பி அனுப்புகிறது. வாயுக்களின் இந்தக் குணத்தை 1859-இல் ஆய்வுக்கூடத்தில் அளந்து காட்டியவர் ஜான் டிண்டால். தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் பத்து லட்சம் மூலக்கூறுகளில் சுமார் 280 கரியமில வாயுவாக இருந்தன. இன்று 420-க்கும் மேல். நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்ததே முக்கியக் காரணம். வெப்பநிலை ஒரு டிகிரி உயர்ந்தால் காற்றில் சுமார் 7 சதவீதம் அதிக நீராவி தங்க முடியும். ஆகவே மழை பெய்தால் கொட்டித் தீர்க்கும் வாய்ப்பு கூடுகிறது. 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டதற்கு இதுவே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அத்தகைய மழைக்கு நாம் தயாராக இருக்க வேண்டும்.

இந்த இரு சூடுகளையும் வளர்க்கும் கருவி ஒன்று நம் வீட்டுச் சுவரிலேயே இருக்கிறது. ஏர்கண்டிஷனர் வெப்பத்தை அழிப்பதில்லை. அறையில் எடுத்த வெப்பத்தோடு, தான் உட்கொண்ட மின்சாரத்தையும் வெப்பமாக்கித் தெருவில் தள்ளுகிறது. நடைபாதையில் பூ விற்கும் அம்மாவின் மேல் அது வீசுகிறது. நிலக்கரியிலிருந்து ஒரு யூனிட் மின்சாரம் எடுக்க, ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயு வெளியாகிறது. அந்த நிலக்கரியின் சாம்பல் மயிலாப்பூரில் விழுவதில்லை, எண்ணூரில் விழுகிறது.

ஏர்கண்டிஷனரே கூடாது என்பதல்ல என் வாதம். என் வீட்டிலும் ஒன்று உண்டு. 2003 மே 31 அன்று சென்னையில் வெப்பநிலை 45 டிகிரியைத் தொட்டது. அத்தகைய நாளில் முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் அது உயிர் காக்கும். ஆனால் குளிர்ச்சி ஒருவருக்கு, சூடு மற்றவருக்கு என்பது நியாயமாகாது. மரமும் குளமும் தரும் குளிர்ச்சி எல்லோருக்கும் பொதுவானது. குடிநீரைப் போல அதையும் அத்தியாவசியமாகக் கருதி, நகராட்சி நிர்வாகம் பணம் ஒதுக்க வேண்டும். மின்சாரமும் நிலக்கரியை விட்டு வெயிலுக்கும் காற்றுக்கும் மாற வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒரு வெப்பமானியை எடுத்துக்கொண்டு, பிற்பகல் இரண்டு மணிக்குத் தெருவோர நிழலிலும் பூங்கா மரநிழலிலும் ஒரு வாரம் அளந்து எழுதுங்கள். அந்தத் தாளை உங்கள் வார்டு கவுன்சிலரிடம் காட்டி, "எங்கள் தெருவுக்கு மரம் எப்போது வரும்?" என்று கேளுங்கள். அளந்து கேட்பவரின் கேள்வியைத் தட்டிக் கழிப்பது எளிதல்ல.