அவங்க பையன்னா கேஸ், நம்ம பையன்னா வயசுக் கோளாறு

எங்க பக்கம் திருட்டுன்னா இப்போ பெரும்பாலும் காப்பர்தான். ராத்திரி கிணத்து மோட்டாருக்குப் போற கேபிளை வெட்டுவானுங்க. கருவேலங்காட்டுக்குள்ள கொண்டுபோய்க் கொளுத்தி, மேல இருக்கிற பிளாஸ்டிக் எரிஞ்சதும் உள்ள இருக்கிற செம்பை எடைக்கடையில போட்டுருவானுங்க. வெட்டுறவன் கைக்கு வர்றது ஒரு குவார்ட்டருக்கான காசு. இங்க நாலு நாள் தண்ணியில்லாம பயிர் வாடிப்போயிடும். "புடிச்சுக் கட்டி வெச்சு உரிக்கணும்"னு டீக்கடையில பேசறவங்க கோபம் எனக்கு நல்லாவே புரியுது. என் கேபிளும்தான் போயிருக்கு. அந்தக் கோபம் ஆள் பாத்துப் பாயுதே, அதுலதான் எனக்குச் சண்டை.

போன வருஷம் நடந்ததச் சொல்றேன். எங்க தெருப் பையன், வயசு 16. பக்கத்து வீட்டு பைக்கைச் சொல்லாம கொள்ளாம தள்ளிக்கிட்டுப்போய், டவுன்ல ஒரு கம்பத்துல இடிச்சு நொறுக்கிட்டான். ராத்திரியே பெரியவங்க நாலு பேர் கூடினாங்க. அப்பா ரிப்பேர் செலவைக் கட்டினார், பையன் கால்ல விழுந்தான், மாமா திருப்பூர்ல வேலைக்குச் சேர்த்துவிட்டார். விஷயம் முடிஞ்சது. அதே மாசம் காலனிப் பையன் ஒருத்தன், வயசு 15, முப்பதடி கேபிளோட மாட்டினான். முதல்ல அடி, அப்புறம் ஸ்டேஷன், அப்புறம் எஃப்ஐஆர், கடைசியில கூர்நோக்கு இல்லம். பைக்கோட விலை என்ன, முப்பதடி கேபிளோட விலை என்னன்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

நகரத்துல கருத்தரங்கு வெச்சு 'டைவர்ஷன்'னு பேசறாங்களே, தப்புப் பண்ணின பிள்ளையை கேஸ், கோர்ட்டுன்னு இழுக்காம மடை திருப்பி விடறது, அதைத்தான் எங்க தெருவுல அன்னைக்கு ராத்திரி பண்ணினாங்க. வெளிநாட்டுச் சரக்குன்னு யாரும் நினைக்க வேண்டாம். சொந்தபந்தமும் காசும் இருக்கிற வீட்டுக்கு அது எப்பவும் கிடைச்சுக்கிட்டுத்தான் இருக்கு. மத்த வீட்டுக்கும் கிடைக்கணும்னுதான் சட்டம் போட்டிருக்கு.

2015 இளைஞர் நீதிச் சட்டம், நீதிமன்ற நடவடிக்கை இல்லாம தீர்க்கிற வழிகளை ஊக்குவிக்கணும்னு அடிப்படைக் கொள்கையாவே சொல்லுது. 3 வருஷம் வரைக்கும் தண்டனை உள்ளதெல்லாம் அதுல சிறு குற்றம். சாதாரணத் திருட்டு அதுலதான் வருது. 2016 மாதிரி விதிகள்படி, கொடுங்குற்றமா இருந்தாலோ பெரியவங்களோட சேர்ந்து செஞ்சிருந்தாலோ தவிர எஃப்ஐஆரே போடக்கூடாது. பொது நாட்குறிப்புல எழுதி, பையனோட குடும்பச் சூழல் அறிக்கையோட இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்பணும். லாக்கப் கூடாது, விலங்கு கூடாது. ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் குழந்தைகள் நலக் காவல் அலுவலர்னு ஒருத்தர் இருக்கணும். எங்க ஸ்டேஷன்ல அவர் யாருன்னு கேட்டேன். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க.

சட்டம் சரியாத்தான் இருக்கு, அதிகாரிங்களும் இருக்காங்க. இவங்களை ஒண்ணு சேர்க்கத்தான் ஆள் இல்ல. அந்தப் பையனோட அம்மா அலைஞ்சதைப் பாத்தவன் சொல்றேன். குழுமம் மாவட்டத் தலைநகர்ல, ரெண்டு பஸ் மாறணும். நன்னடத்தை அலுவலரும் அங்கதான், ஆனா வேற கட்டடம். குடியை நிறுத்த ஆலோசனை வேணும்னா பெரியாஸ்பத்திரி, அது இன்னொரு நாள். இலவச வக்கீலுக்கு சட்டப்பணிகள் ஆணைக்குழு, அதுக்கு இன்னொரு நாள். பள்ளிக்கூடத்துல டி.சி. கேட்டா, "ஹெச்.எம். மீட்டிங் போயிருக்கார்". ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி போகுது. ஒரு ஆபீஸ்ல சொன்னது இன்னொரு ஆபீஸுக்குத் தெரியாது. நூறு நாள் வேலை அட்டையைத் தவிர வேற காகிதம் பார்க்காத பொம்பளை, அஞ்சு துறையை ஒருங்கிணைக்கணும்னா எப்படிங்க? எங்க தெருப் பையனுக்கு அந்த வேலையைச் செஞ்சது அவன் மாமா. காலனிப் பையனுக்கு அந்த மாமா வேலையை அரசாங்கம்தான் செய்யணும். மானியம் வாங்கித்தர ஒன்றியத்துக்கு ஒன்றியம் ஆள் இருக்கு. இதுக்கும் ஒரு ஆள் போடுங்க. குடும்பத்துக்கு பஸ் காசும் அன்னைக்குக் கூலியும் கொடுங்க.

"ஊர்ப் பஞ்சாயத்தே பேசி முடிச்சிரலாமே"ன்னு சிலர் சொல்றாங்க. வேண்டவே வேண்டாம். அங்க யார் உட்கார்றாங்க, யார் நிக்கிறாங்கன்னு எனக்குத் தெரியும். "உள்ள போட்டாத்தான் திருந்துவான்"னு சொல்றவங்க செங்கல்பட்டை ஞாபகம் வெச்சுக்கோங்க. ரயில்வே பேட்டரி திருடினதாப் பிடிபட்ட 17 வயசுப் பையன், 2022 டிசம்பர் கடைசியில அங்க இருக்கிற கூர்நோக்கு இல்லத்துல செத்துப்போனான். அடிச்சுக் கொன்னதா ஊழியர்கள் 6 பேர் கைதானாங்க. அதுக்கப்புறம்தான் இந்த இல்லங்களை ஆராய நீதிபதி சந்துருவைப் போட்டாங்க.

உள்ள தள்ளணும்னு அவ்வளவு ஆசையா இருந்தா எடைக்கடைக்காரனைத் தள்ளுங்களேன். மீசை முளைக்காத பையன் ராத்திரி எரிச்ச செம்பைக் கொண்டுவந்தா, அது எங்கேர்ந்து வந்துச்சுன்னு அந்தாளுக்குத் தெரியாதா? குழந்தைகளைச் சட்டவிரோத வேலைக்குப் பயன்படுத்துற பெரியவங்களுக்கு அதே சட்டத்துல 7 வருஷம் வரைக்கும் சிறை இருக்கு. எங்க பக்கம் ஒரு கடைக்காரனும் உள்ள போனதா நான் கேள்விப்படல. கடை ஜோரா நடக்குது, தராசு மட்டும் புதுசு.

சென்னையிலும் பெங்களூர்லயும் இருந்துக்கிட்டு ஊர் வாட்ஸ்அப் குரூப்ல சிசிடிவி வீடியோவை "திருட்டுப்பய, எல்லாரும் ஷேர் பண்ணுங்க"ன்னு அனுப்புறீங்களே, அந்த முகம் 18 வயசுக்குக் கீழன்னா அனுப்பினதே குற்றம். தண்டனை 6 மாசம் வரைக்கும் சிறை, இல்ல 2 லட்சம் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். உங்க ஊர்ப்பாசத்தை வேற பக்கம் காட்டுங்க. பஞ்சாயத்துத் தலைவர் தலைமையில குழந்தைகள் பாதுகாப்புக் குழுன்னு ஒண்ணு காகிதத்துல இருக்கும். அது கடைசியா எப்போ கூடுச்சு, யார் யார் கையெழுத்துப் போட்டாங்கன்னு பொங்கலுக்கு வரும்போது கேளுங்க. ஜனவரி 26 கிராம சபைக்கும் இருந்துட்டுப் போங்க. நான் கேட்டா "உனக்கென்னய்யா வந்துச்சு, உன் கேபிளைத்தானே திருடினான்"னு சிரிக்கிறாங்க. ஆமா, என் கேபிளைத்தான் திருடினான்.

அந்தப் பையன் எட்டாவது பாஸ். ஐடிஐயில வயர்மேன் படிப்புக்கு அது போதும். செம்பை உரிக்கத் தெரிஞ்ச கைதானே, இழுத்துக் கட்டவும் கத்துக்கும். பள்ளிக்கூடத்துலேர்ந்து டி.சி. மட்டும் இன்னும் வரல.