அடுப்புக்கும் இடம் வேண்டும்

இடம்பெயர்ந்த நாம் கொட்டில் போடும்போது கூரையை எண்ணுகிறோம், கிணற்றை எண்ணுகிறோம், அடுப்பை மறந்துவிடுகிறோம். கிடுகோரம் மூன்று கல் வைத்து மூட்டினால், ஒரு காற்றுக்கே வீடு எரிந்துபோகும். எரியாவிட்டாலும் புகை கொல்லும். வீட்டு அடுப்புப் புகையால் உலகில் 2020இல் சுமார் 32 இலட்சம் பேர் மாண்டதாக உலக சுகாதார நிறுவனம் கணித்தது.

இலங்கையில் 1980களில் உருவான இரட்டைவாய் 'அனகி' மண் அடுப்பு விறகை மிச்சப்படுத்தும். அதைக் கிடுகிலிருந்து தள்ளி மண் மேடையில் வைத்து, புற்றுமண்ணும் மணலும் குழைத்துச் சுற்றிலும் பூசி, நன்கு காய்ந்த பின்பே மூட்டுவோம். கூரையடியில் புகை வெளியேற வழி விடுவோம். காய்ந்த விறகையே எரிப்போம். ஒரு வாளி தண்ணீர் அருகில் இருக்கட்டும்.

இது பெண்கள் பாடு என்று ஆண்கள் ஒதுங்கலாகாது. வீட்டுத்திட்டம் தருவோரிடம் பாதுகாப்பான குசினியையும் கேட்போம். அது சலுகையல்ல, வீட்டின் பாதி.