எங்கே பூட்டிய வண்டி?

புதிதாகக் கார் வாங்கப் போகிறவர்களின் வாயில் இப்போதெல்லாம் ஒரு கேள்வி அடிபடுகிறது. "வண்டி எந்த நாட்டில் பூட்டியது?" விலையை விசாரிப்பதற்கு முன்னால் இதை விசாரிக்கிறார்கள். ஜெர்மனியிலேயே பூட்டி, முழு வண்டியாகக் கப்பலில் வந்தது என்றால் முகம் மலர்கிறது. பாகங்கள் பெட்டி பெட்டியாக வந்து, செங்கற்பட்டுப் பக்கம் பூட்டியது என்றால் முகம் சுருங்குகிறது. "அப்படியானால் அசல் இல்லை" என்று தீர்ப்பும் உடனே பிறந்துவிடுகிறது.

இந்தத் தீர்ப்பு தவறு என்பது என் கட்சி. அதிலும், நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளும் தவறு. பூட்டிய நாட்டை விசாரித்துக்கொண்டிருக்கும் நேரத்தில், விசாரிக்க வேண்டிய ஆளைத் தப்பவிட்டுவிடுகிறோம்.

இந்த மோகம் நேற்று வந்ததல்ல. நம் பாட்டிமார்கள் உயர்ந்த சரக்கு எதுவானாலும் அதன் தலையில் 'சீமை' என்ற சொல்லை வைத்தார்கள். சீமை எண்ணெய், சீமைச் சுண்ணாம்பு, சீமை ஓடு. நாட்டு ஓடு வேய்ந்தது ஏழை வீடு. சீமை ஓடு வேய்ந்தது வசதியுள்ளவன் வீடு. அந்தச் சீமை ஓடு எந்தச் சீமையிலிருந்தும் வரவில்லை. 1865-இல் பாஸல் மிஷன் பாதிரிமார்கள் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையில், உள்ளூர்க் களிமண்ணைக் குழைத்து நம் நாட்டு ஆட்கள் சுட்ட ஓடு அது. அதே சொல்லை இன்னொன்றின் தலையிலும் வைத்தோம்: சீமைக் கருவேலம். மதுரையிலிருந்து மானாமதுரை, பரமக்குடி என்று கிழக்கே பஸ்ஸில் போகிறவர்கள் கண்மாய்க்குள்ளும் தரிசிலும் அது மண்டிக் கிடப்பதைப் பார்த்திருப்பார்கள். சீமை என்ற சொல்லே தரத்துக்குச் சான்று என்று நம்புகிறவர்கள், அந்த முள்ளை ஒரு தரம் மிதித்துப் பார்க்கலாம்.

சீமை வண்டிக் கட்சிக்காரர்கள் சொல்லும் வாதத்தையும் கேட்டுவிடுவோம். "கதவைச் சாத்திப் பாருங்கள், அந்தச் சத்தமே வேறு" என்பார்கள். "அங்கே தொழிலாளிக்கு ஒழுங்கு உண்டு, இங்கே ஏனோதானோ என்று முடுக்குவான்" என்பார்கள். இந்த நம்பிக்கைக்காகக் காசும் கொட்டுகிறார்கள். விலையுயர்ந்த கார்கள் முழு வண்டியாக இறங்கினால், வண்டியின் விலையளவுக்கே சுங்கவரி நெடுங்காலமாக இருந்து வந்திருக்கிறது. அதாவது, ஒரு காருக்கு இரண்டு கார் விலை. இரண்டாவது காரின் விலை, முதல் காரை வேறொரு நாட்டான் முடுக்கினான் என்ற திருப்திக்காக!

வண்டிக்கு ஒரே ஊர் என்று ஒன்று உண்டா? நாம் தினமும் ஏறுகிற பஸ்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். கரூர் பக்கம் பிரயாணம் செய்தவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். கூரையில்லை, கதவில்லை, பக்கத் தகடில்லை. நான்கு புறமும் திறந்த வெறும் சட்டமும் இஞ்சினும் சக்கரமும் சாலையில் ஓடி வரும். தலையில் துண்டைக் கட்டிய டிரைவர் வெயிலிலும் புழுதியிலும் அதை ஓட்டி வருவார். எண்ணூரிலோ ஓசூரிலோ பிறந்த அந்தச் சட்டத்துக்குக் கரூர்ப் பட்டறைகளில் உடம்பு கட்டுகிறார்கள். பிறகு அது மாட்டுத்தாவணிக்கு வந்து நிற்கிறது. அது எந்த ஊர் பஸ்? எண்ணூரா, கரூரா, மதுரையா? நம் ஊர்க் கோச்சடையில் யந்திரங்களுக்கும் வாகனங்களுக்கும் பெல்ட் செய்கிறார்கள். மேலூர்ச் சாலையில் வெள்ளரிப்பட்டியில் டயர் செய்து வெளிநாடுகளுக்கும் அனுப்புகிறார்கள். அசல் என்று நீங்கள் கொண்டாடும் வண்டியின் எந்தப் பாகம் எந்த மண்ணில் பிறந்தது என்று பிரித்துப் பார்த்தால், உங்கள் சீமை சல்லடையாகிவிடும்.

ஓசூரில் நடந்ததை இதோடு சேர்த்துப் பாருங்கள். ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனமும் நம் டி.வி.எஸ். நிறுவனமும் 2013-இல் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன் பயனாக ஜி 310 என்ற மோட்டார் சைக்கிள் ஓசூரில் உருவாகி, பி.எம்.டபிள்யூ. முத்திரையோடு உலகச் சந்தைக்குப் போயிற்று. ஜெர்மானியனும் அதை வாங்கி ஓட்டினான். ஓசூரில் பூட்டியதை ஜெர்மானியன் நம்பி ஏறுகிறான்; செங்கற்பட்டில் பூட்டியதை மதுரைக்காரர் நம்ப மறுக்கிறார். இருவரில் யார் சொல்லை எடுத்துக்கொள்வது?

கடல் கடந்த உதாரணம்தான் வேண்டும் என்பவர்களுக்கு அமெரிக்காவிலிருந்தே ஒன்று தருகிறேன். கலிபோர்னியாவில் ஃப்ரீமான்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஒரு கார் தொழிற்சாலை வைத்திருந்தது. தொழிலாளர்கள் ஒழுங்காக வேலைக்கு வருவதில்லை, நிர்வாகத்தோடு ஓயாத சண்டை, வண்டியில் ஏகப்பட்ட குறை. 1982-இல் அதை மூடினார்கள். ஜப்பானின் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்து 1984-இல் அதையே திறந்தன. பழைய தொழிலாளர்களில் பெரும்பாலாரையே திரும்ப அழைத்தன. அதே ஊர், அதே கட்டிடம், அதே கைகள். மாறியது வேலை முறை. குறையைக் கண்ட தொழிலாளி ஒரு கயிற்றை இழுத்தால் மொத்த வரிசையும் நிற்கும். குறையைச் சரிசெய்த பிறகுதான் வண்டி நகரும். சில ஆண்டுகளுக்குள், ஜப்பானில் செய்த வண்டியோடு ஒப்பிடத்தக்க வண்டி அங்கிருந்து வெளிவந்தது. பிற்பாடு அதே ஆலையில் டொயோட்டா கொரோலாவும், ஜியோ பிரிஸமும் தயாராயின. பெயர் வேறு, வண்டி ஏறத்தாழ ஒன்றே. அமெரிக்கர்கள் டொயோட்டா என்ற பெயருக்குக் கூடுதல் விலை கொடுத்தார்கள். ஆக, இந்த மயக்கம் நமக்கு மட்டும் உரிய சொத்தல்ல.

அந்த ஜப்பானுக்குத்தான் என்ன பேர் இருந்தது? 'ஜப்பான் சாமான்' என்றால் ஒரு காலத்தில் மலிவுச் சரக்கு என்று பொருள். 1950-இல் டெமிங் என்ற அமெரிக்கரை வரவழைத்துப் பாடம் கேட்டார்கள். தரத்தைக் கடைசியில் நின்று பொறுக்கி எடுக்க முடியாது, செய்யும்போதே ஒவ்வொரு படியிலும் அளந்து காக்க வேண்டும் என்பது பாடம். அவர் பெயரால் 1951-இல் ஒரு பரிசும் ஏற்படுத்தினார்கள். 1998-இல் அந்தப் பரிசைப் பெற்ற முதல் இந்திய நிறுவனம், அப்போது சென்னை பாடியில் பிரேக் செய்துவந்த சுந்தரம் கிளேட்டன். மதுரையில் பஸ் ஓட்டித் தொழில் வளர்த்த டி. வி. சுந்தரம் ஐயங்காரின் குடும்பத்தார் தொடங்கிய நிறுவனம்தான் அதுவும். தரம் ஒரு நாட்டு மண்ணில் மட்டும் விளையும் பயிராக இருந்தால், அது அமெரிக்காவிலிருந்து ஜப்பானுக்கும், ஜப்பானிலிருந்து பாடிக்கும் எப்படி வந்தது?

இவ்வளவும் சொன்னதால் என்னைச் சுதேசிக் கட்சியில் சேர்த்துவிட வேண்டாம். 'நம் நாட்டில் செய்தது, ஆகவே நல்லது' என்பதும் இதே மயக்கத்தின் மறுபக்கந்தான். அம்பாஸடர் காரை நினைத்துப் பாருங்கள். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் அச்சில் பிறந்து, ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக வங்காளத்து உத்தர்பாராவில் உருவாகி, 2014-இல் ஓய்ந்தது. அதன் மீது பாசம் எனக்கும் உண்டு. ஆனால் அதன் பொற்காலம் வாங்குபவனின் பொற்காலமா? பணத்தைக் கட்டிவிட்டு வருஷக் கணக்கில் காத்திருந்தோம். கிடைத்த வண்டியில் குறை சொன்னால், பின்னால் வரிசையில் நூறு பேர் நின்றார்கள். கையேந்தி நிற்பவனுக்குக் கொடுப்பதைக் கொடுத்தார்கள். குறை நாட்டில் இல்லை. கேட்க முடியாத நிலையில் இருந்த வாடிக்கையாளனின் நிலைமையில் இருந்தது.

இனி விஷயத்தின் மையத்துக்கு வருகிறேன். ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலை இருக்கிறது. 2007-இல் அங்கே ஐ10 என்ற சிறிய காரைச் செய்யத் தொடங்கினார்கள். நம் ஊரிலும் விற்றார்கள். ஐரோப்பாவுக்கும் அங்கிருந்தே கப்பலேற்றினார்கள். ஐரோப்பாவில் 2008-இல் அந்தக் காரைச் சுவரில் மோதவிட்டுச் சோதித்தபோது, பெரியவர்களுக்கான பாதுகாப்பில் நான்கு நட்சத்திரம் கிடைத்தது. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் என்னும் அமைப்பு, இந்தியச் சந்தையில் விற்ற அதே பெயருள்ள காரைச் சோதித்தது. முட்டிய வேகம் இரண்டு தடவையும் மணிக்கு 64 கிலோமீட்டர்தான். இந்தத் தடவை கிடைத்தது பூஜ்யம்.

எந்த நாட்டில் பூட்டியது? இரண்டும் தமிழ்நாட்டில் பூட்டியவை. ஐரோப்பியனுக்குப் போனதில் காற்றுப்பை இருந்தது. இங்கே சோதித்த மலிவு வகையில் அது இல்லை. வேண்டுமானால் அதிக விலை கொடுத்து உயர்ந்த வகையை வாங்கிக்கொள்ளலாம். உயிரைக் காப்பதை, மெத்தை இருக்கை, பாட்டுப் பெட்டி ஆகியவற்றோடு சேர்த்து ஆடம்பரக் கணக்கில் எழுதி வைத்தார்கள். ஒரு நிறுவனத்தை மட்டும் நான் பழிக்கவில்லை. அன்று சோதித்த ஐந்து கார்களுமே பூஜ்யந்தான் வாங்கின. அவர்களில் யாரும் சட்டத்தை மீறவுமில்லை. நம் சட்டம் அப்போது காற்றுப்பையைக் கேட்கவே இல்லை. கேட்டால் கிடைக்கும் என்பதற்கும் அங்கேயே அத்தாட்சி இருக்கிறது. ஐந்தில் ஒன்றான ஃபோக்ஸ்வேகன் போலோவில் முன்பக்கம் இரண்டு காற்றுப்பை வைத்துச் சோதித்தபோது நான்கு நட்சத்திரம் வந்தது. அதற்குப் பிறகு அந்த நிறுவனம் காற்றுப்பை இல்லாத போலோவை இங்கே விற்பதையே நிறுத்திக்கொண்டது. தொழிற்சாலையைத் தூக்கி ஜெர்மனியில் வைக்கவில்லை. இந்தியாவிலேயே, அதே வரிசையில்தான் அந்தப் பையை வைத்தார்கள்.

கடைக்காரர்கள் சட்டைத் துணி முதல் முந்திரிப் பருப்பு வரை 'எக்ஸ்போர்ட் குவாலிட்டி' என்று பெருமையாகச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அதைக் கேட்டு நாமும் இரண்டு ரூபாய் அதிகம் கொடுக்கிறோம். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று யாராவது யோசித்தோமா? நல்லது வெளியே போகும், மிச்சம் உனக்கு என்று அர்த்தம். நம் முகத்துக்கு நேரே சொல்கிற அவமதிப்பை நாம் பாராட்டாக ஏற்றுக்கொண்டோம். சட்டைத் துணியில் இதைப் பொறுக்கலாம். ஒரு தரம் துவைத்தால் சாயம் போகும், அவ்வளவுதான். வண்டியில் போவது சாயமல்ல. 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் பெரும்பகுதி இரு சக்கர வண்டியில் போனவர்களும் நடந்து போனவர்களும் என்பது உண்மைதான். ஆனால் மதுரையிலிருந்து திருச்சிக்கும் கன்யாகுமரிக்கும் நாற்கரச் சாலையில் குடும்பத்தோடு காரில் போகிறவர்களும் அந்தக் கணக்குக்கு வெளியே இல்லை.

நாட்டுக்கு நாடு வித்தியாசமே கிடையாதா என்று கேட்கலாம். உண்டு. புதிதாகத் திறந்த ஆலையின் முதல் வண்டிகளில் குறை அதிகம் இருக்கலாம். அது ஆலையின் வயது. நம் சாலைக்கென்று வண்டியின் வயிற்றைத் தரையிலிருந்து சற்று உயர்த்தி வைப்பார்கள்; அது பொருத்தமே தவிரத் தாழ்வல்ல. ஒரே நாட்டில் இரண்டு ஆலைகளுக்குள் இருக்கும் வித்தியாசம், இரண்டு நாடுகளுக்குள் இருப்பதைவிட அதிகமாகவும் இருக்கக்கூடும். தரத்தைத் தீர்மானிப்பவை மூன்று: என்ன செய்யச் சொன்னார்கள், யார் சோதித்தார்கள், குறையிருந்தால் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

இந்த மூன்றாவது கேள்வியை நாம் கேட்கத் தொடங்கிய பிறகே இங்கே காரியம் நடந்தது. 2017-இல் புதிய கார் வகைகளுக்கு மோதல் சோதனை கட்டாயமாயிற்று. 2019-இல் டிரைவருக்கும், 2021-இல் பக்கத்து இருக்கைக்கும் காற்றுப்பை கட்டாயமாகத் தொடங்கியது. 2023 அக்டோபரில் நட்சத்திரம் கொடுத்து மதிப்பிடும் பாரத் என்கேப் என்ற நம் நாட்டுத் திட்டமே வந்துவிட்டது. இந்த ஆண்டுகளில் நம் தொழிலாளியின் கை திடீரென்று மாறிவிடவில்லை. அவனிடம் கொடுத்த பட்டியல் மாறியது.

உசிலம்பட்டிப் பையன் புதூர் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்துவிட்டு, ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் பஸ் ஏறுகிறான். அறைக்கு நாலு பேராகத் தங்கி, இரவு ஷிப்ட்டில் நின்று, வெளிநாட்டில் ஓடப்போகும் காரைப் பூட்டுகிறான். ஊருக்கு வந்தால், மாமாவும் சித்தப்பாவும் காப்பியைக் குடித்துக்கொண்டே "இங்கே பூட்டின வண்டியில் என்ன தரம் இருக்கப் போகிறது?" என்று அவன் காதுபடப் பேசுகிறார்கள். அவன் கையில் குறையில்லை, ஐயா. இந்தக் காரில் இதை வைக்காதே என்று அவன் கைக்கு உத்தரவிட்டவர்களிடம் குறை. அதைக் கேட்காமல் வாங்கிக்கொண்ட நம்மிடமும் குறை.

ஆகவே, கார் வாங்கப் போகும்போது பூட்டிய நாட்டைக் கேட்காதீர்கள். இதே வண்டியை வெளிநாட்டானுக்கு விற்கும்போது என்னென்ன வைத்துக் கொடுக்கிறீர்கள், எனக்கு அதில் எதை எடுத்துவிட்டீர்கள், மோதல் சோதனையில் நான் வாங்கும் இந்த வகைக்கே எத்தனை நட்சத்திரம் என்று கேளுங்கள். விற்பனையாளர் மழுப்பினால், வண்டி பெர்லினில் பூட்டியதாக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். காகிதத்தை எடுத்துக் காட்டி நேராகப் பதில் சொன்னால், இருங்காட்டுக்கோட்டையில் பூட்டியதே போதும்.