தூரம் அதிகம், நேரம் கம்மி!

"தூரம் வகுத்தல் வேகம், வர்றது நேரம்"னு ஆப்டிட்யூட் டெஸ்ட்ல கண்ணை மூடிட்டுப் போடுறோமே நண்பர்களே, எந்த வேகம்னு என்னைக்காவது கேட்டிருக்கோமா?

2016 அக்டோபரில் டெல்லி–சான் பிரான்சிஸ்கோ ஏர் இந்தியா விமானம், வழக்கமான அட்லாண்டிக் பாதையை விட்டு பசிபிக் வழியாகப் பறந்தது. தூரம் சுமார் 1,400 கி.மீ. கூடுதல். ஆனாலும் ஏறத்தாழ 15,300 கி.மீ. தூரத்தைப் பதினான்கரை மணி நேரத்தில் கடந்தது. சுமார் 2 மணி நேரம் மிச்சம்!

"பூமி சுத்துதுல்ல, அதான்"னு சொல்லாதீங்க. பூமியோடு காற்றும் சேர்ந்தேதான் சுத்துது. காரணம், மேற்கிலிருந்து கிழக்கே வீசும் ஜெட் ஸ்ட்ரீம். பின்னாலிருந்து தள்ளினால் தரைவேகம் கூடும். எதிர்த்து வந்தால் குறையும்.

சூத்திரம் தப்பில்லை. ஆனால் அதை மனப்பாடம் செய்வது பாதிப் படிப்புதான். "எதைப் பொறுத்த வேகம்?"னு கேட்பதுதான் மீதி. அடுத்த வகுப்புல கேளுங்க!